எதிரொலிக்காரி

வியாழக்கிழமை காலை ஒத்திகையில் லெயோகாதியா "வா" என்று பாடினாள். கிணற்றுக்குள்ளிருந்து "வா" என்று பதில் வந்தது. எப்போதும் வருவதுதானே என்று அவள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வலப்பக்கம் மூன்றடி நடந்து, அடுத்த வரியை எடுத்துவிட்டாள். அட்டையில் செய்து வர்ணம் பூசிய அந்தக் கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி, மேடை விளிம்பில் வரிசையாக எரியும் எண்ணெய் விளக்குகளுக்கு அருகே வந்து நின்ற பிறகுதான், எதிரொலி பாடுவதற்கு இந்த வாரம் யாரையும் அமர்த்தவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பியானோ நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. இருபத்து மூன்று வருடம் மேடையில் கழித்தவளுக்குக் கூரையே இடிந்து விழுந்தாலும் வாய் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். "இங்கேதான் இருக்கிறேன்" என்றாள். "இங்கேதான் இருக்கிறேன்" என்றது கிணறு, கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் உருண்டு, சொல்லின் கடைசியில் ஒரு சின்ன வழுக்கலோடு. "கேட்கிறதா" என்றாள். "கேட்கிறதா" என்றது. மூன்று கூப்பிடல், மூன்று பதில். அதற்குப் பிறகு எதிரொலியே இல்லாத ஓர் உச்சி சுரம். மூச்சு தீரும்வரை அதைப் பிடித்து நிற்க வேண்டும். 'தண்ணீர்க்காரி' நாடகத்துக்கு புவெர்த்தோ பிரின்சிபே ஊர் திரள்வதே இந்த ஒரு பாட்டுக்காகத்தான். கதை என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

பிப்ரவரியில் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து அந்த உச்சி சுரம் அவளிடம் இல்லை. மேடையில் இரண்டு முறை உடைந்துபோனது. ஒத்திகையில் அதைத் தொட்டும் தொடாமலும் இறங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் வைக்கிறேன் என்று சிரித்து மழுப்புவாள். இன்றும் அப்படி இறங்கிவிடத்தான் நினைத்தாள். குரல் இறங்கவில்லை. அது தானாக மேலேறி, உடையாமல், நடுங்காமல், அவளுக்கு இருபது வயதில்கூட இருந்திராத ஒரு மென்மையோடு நின்றது. அவள் மூச்சை விட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

முன்வரிசையில் காலை நீட்டிச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த இலாரியோன் எழுந்து வந்தான். குழுவின் முதலாளியும் அவனே, கோமாளி வேஷம் கட்டுகிறவனும் அவனே; இரண்டில் எது பேசுகிறது என்று கண்டுபிடிப்பது எப்போதும் கஷ்டம்.

"எதிரொலிக்கு ஆள் பிடிச்சாச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, பாத்தியா."

லெயோகாதியா வாயைத் திறந்தாள். யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் திறந்தாள். "தெரிஞ்ச பொண்ணு. கூச்சக்காரி. மேல வரமாட்டா" என்றாள்.

"வராட்டி போறா. முன்ன எதிரொலி பாடின அந்த ஓடுகாலியோட குரல் மாதிரியேதான் இருக்கு. கொஞ்சம் ஈரமா இருக்கு, அவ்வளவுதான்." சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். இப்போது பேசியது முதலாளி. "லெயோ, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. ஹவானாவுக்கு எழுதிட்டேன். இருபத்திரண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி வரா. இன்னிக்குப் பாடின மாதிரி ஞாயித்துக்கிழமையும் பாடிட்டேன்னா, அவளை வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிடுவேன். மறுபடி உடைஞ்சுதுன்னா குடம் அவ இடுப்புல. உனக்கு அவ அம்மா வேஷம்."

"அம்மா வேஷத்துக்குப் பாட்டே கிடையாதே."

"அதான் வசதி. தொண்டைக்கு ஓய்வு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். நாற்பத்தொரு வயதில் பாட்டில்லாத வேஷத்துக்கு இறங்கினவள் மறுபடி ஏறினதாக எந்த அரங்கத்திலும் சரித்திரமில்லை. அது இருவருக்கும் தெரியும்.

அவள் ஏன் பொய் சொன்னாள்? கீழே யாருமில்லை என்று அவள் சொல்லியிருந்தால், யாராவது ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்திருப்பார். மூன்று வாரமாக அந்த ஒரு காரியத்தைத்தான் லெயோகாதியா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பியபோது பின்வாசலில் உர்சுலா நின்றாள். தலையில் தட்டு, தட்டில் கொய்யாப் பழப் பணியாரம், அதன்மேல் ஈ விழாமல் போர்த்திய வெள்ளைத் துணி. குழுவில் கூட்டுப் பாட்டும் எதிரொலியும் பாடிக்கொண்டிருந்த காசில்தாவின் தாய்.

"உங்களுக்காவது கடுதாசி போட்டாளாம்மா?"

"இல்லையே உர்சுலா."

"எழுதத் தெரியாது அவளுக்கு. ஆனா அந்த சார்ஜண்டுக்குத் தெரியுமில்ல. நான் திட்டமாட்டேன்னு அவகிட்ட யாராவது சொன்னா தேவலை." உர்சுலா தட்டை இறக்கி, இருப்பதில் பெரிதாக ஒரு பணியாரத்தை எடுத்து நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை நானும் மாடத்துல ஏறி ஒரு மூலையில உக்காந்துக்கவா? அந்தப் பாட்டைக் கேட்டா, அவ கீழ நின்னு பதில் சொல்ற மாதிரி எனக்கு ஆறுதலா இருக்கும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? லெயோகாதியா தலையாட்டினாள். பணியாரத்தை வாங்கிக்கொண்டு, தெருமுனை திரும்பியதும் ஒரு நாய்க்குப் போட்டுவிட்டாள். அவள் அழவில்லை. ஆனால் அந்தத் தெரு முழுக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த அட்டைக் கிணற்றுக்கு அடியில் மேடைப் பலகையில் ஒரு கம்பித் தட்டி உண்டு. அதற்கு நேர் கீழே, மேடைக்கு அடியிலுள்ள அறையில், தாழி. ஊரில் எந்த முற்றத்துக்குப் போனாலும் குறைந்தது இரண்டு தாழி நிற்கும், ஆள் உயரமும் எருமை வயிறுமாக. அரங்கத்தில் இருந்தது ஒன்று, பாதி மண்ணில் புதைத்தது. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அதில் நிறையும். திரையில் தீப்பற்றினால் அணைக்க அதுதான் கதி. மழையில்லாத மாதங்களில் அது காய்ந்து கிடக்கும். அப்போது எதிரொலி பாடுகிறவள் சின்ன ஏணி வைத்து அதற்குள் இறங்கி நிற்பாள், ஏணியை மேலே எடுத்துவிடுவார்கள். தாழிக்குள் நின்று பாடினால், மேலே இருக்கிறவர்களுக்குப் பூமியே வாய் திறந்து பதில் சொல்வது போலிருக்கும்.

காசில்தாவுக்கு வயது பத்தொன்பது. கூட்டுப் பாட்டில் அவள் முகத்தை யாரும் கவனித்ததில்லை, ஆனால் வசந்த காலம் முடிவதற்குள் ஊர் அவள் குரலைக் கண்டுகொண்டது. சான் ஹுவான் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பகல் ஆட்டத்தில், முதல் அங்கத்துக்குப் பிறகு மாடத்திலிருந்து சில பேர், "தண்ணிக்காரி போதும், கிணத்தைப் பாடச் சொல்லு" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இலாரியோன்கூடச் சிரித்தான். லெயோகாதியா உடை மாற்றும் அறைக்குப் போகாமல் நேரே கீழே இறங்கினாள். காசில்தா ஏற்கெனவே தாழிக்குள் நின்றிருந்தாள். மெல்ல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக. கேதுரு மரத்தில் செய்த கனத்த மூடி தாழியின் விளிம்பில் பாதி சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தள்ளுவதற்கு ஓர் ஆள் போதும். எதிரொலியைக் கொஞ்சம் அமுக்க வேண்டும், அவ்வளவுதான், ஒரே ஒரு பாட்டுக்கு. மூடியின் நடுவில் குழாய்த் தண்ணீர் விழுவதற்காகக் கையளவு ஓட்டை இருந்தது, மூச்சு விடலாம். பாட்டு முடிந்ததும் திறக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டு முடிந்தது. பூச்செண்டு வந்தது. வண்டி வந்தது. தெருவெல்லாம் முரசும் முகமூடியும். விருந்தில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் அவளுக்கு மூடி நினைவு வந்தது. ஏணி போட வரும் தெலஸ்போரோ திறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள், கரண்டியில் இருந்ததை விழுங்கினாள். செவ்வாய்க்கிழமை, காசில்தாவைக் காணோம் என்றார்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் ஊரைவிட்டுக் கிளம்பிய ஈட்டிப் படையில் அவளையே சுற்றிச் சுற்றி வந்த ஒரு சார்ஜண்ட் இருந்தான். கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊரே சொன்னது. ஊரைவிட வேகமாக லெயோகாதியா அதை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முதல் "வா"வுக்குப் பதில் ஒழுங்காக வந்தது. இரண்டாவது கூப்பிடலில் அவளும் கிணறும் ஒரே நேரத்தில் பாடினார்கள். மூன்றாவதுக்கு அவள் மூச்சை இழுத்தாள். இன்னும் வாய் திறக்கவில்லை. "கேட்கிறதா" என்றது கீழே.

வாத்தியத் தலைவர் குச்சியால் தட்டி நிறுத்தினார். "அம்மா, நீங்கதான் பிந்துறீங்க. கிணறு சரியாத்தான் வருது."

உடை மாற்றும் அறையில் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் குரலைச் சோதிக்க அந்தப் பாட்டையே மெல்ல முணுமுணுத்தாள். அவளுக்கு உடை உடுத்திவிடும் நிக்கானோரா செம்பும் கையுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செம்பில் பாதி கீழே சிந்தியது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லைம்மா. ஒரு நிமிஷம் காசில்தாதான் உள்ள உக்காந்திருக்காளோன்னு நினைச்சுட்டேன்."

லெயோகாதியா அவள் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். தொண்டை கொப்பளிக்கத் தேன் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். தினம் மூன்று வேளை. கடைசி மடக்கை விழுங்கிவிடுவாள். இரண்டு வாரமாக அதில் மண் வாசனையோடு இன்னொன்றும் இருந்தது. பூ அழுகிய சாடித் தண்ணீரை மாற்றாமல் விட்டால் வருமே, அந்த இனிப்பு. தேன் பழசு என்று நினைத்திருந்தாள்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து எடுக்கிற?"

"கீழ இருக்கிற தாழில இருந்துதான். மழைத் தண்ணி தொண்டைக்கு நல்லதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. தெலஸ்போரோ ஓட்டை வழியா தகரக் குவளையை விட்டு மொண்டு தருவான்." நிக்கானோரா சிந்தியதைத் துடைத்தாள். "குரலும் தேறிடுச்சு பாத்தீங்களா."

லெயோகாதியா வாளியைத் தேடிப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு கீழறைக்குப் போகும் படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றாள். இறங்கவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து தெலஸ்போரோ புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தான். நாடகத்தில் இடி இடிக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குண்டைப் பலகை மேல் உருட்டுகிறவன். நாற்பது வருடம் உருட்டி உருட்டி அவனுக்கே இடி கேட்காமல் போய்விட்டது. அவனிடம் எதையும் கத்தித்தான் கேட்க வேண்டும்.

"கீழ யாராவது இருக்காங்களா?" என்று கத்தினாள்.

"நான் இருக்கேன். எலி இருக்கு. வேற யாரும்மா இருக்கணும்?"

"எதிரொலிப் பொண்ணு."

"நீங்க யாரையோ கூட்டியாந்ததா ஐயா சொன்னாரு. எந்த வழியா வரா, எந்த வழியா போறான்னு நானும் பாக்கறேன், கண்ணுலயே படல. தாழிக்குள்ள நிக்கவும் முடியாது. கழுத்து மட்டும் தண்ணி கிடக்கு." புகையிலையை நாக்கால் ஒட்டினான். "அந்த ஞாயித்துக்கிழமை நான் ஏணி போட வந்தப்பவே மூடி போட்டிருந்துச்சு. சரி, பொண்ணு ஏறிப் போய், எனக்கு வேலையும் மிச்சம் பண்ணிட்டுப் போயிருக்குன்னு மறுநாள் மழை பிடிச்சதும் குழாயைத் திறந்துவிட்டேன். நல்ல பிள்ளை. போகும்போதும் உபகாரம். இப்ப மரம் ஊறி இறுகிப்போச்சு, கடப்பாரை போட்டாத்தான் வரும். போடவா?"

"வேண்டாம்" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். "வேண்டாம். ஞாயிறு போகட்டும்."

"அதுவும் சரிதான். ஏதோ வவ்வால் விழுந்து செத்திருக்கு போல, ஒரே நாத்தம். திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

சனிக்கிழமை காலை நிக்கானோரா செம்பைக் கொண்டுவந்தாள். லெயோகாதியா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிவிடலாம். கொட்டினால் நாளைக்கு அந்த உச்சி சுரம் எங்கிருந்து வரும்? ஒரே ஒரு நாள், நாளை ஒரு நாள். கண்ணை மூடிக்கொண்டு கொப்பளித்தாள். கடைசி மடக்கைத் துப்பத்தான் நினைத்தாள். தொண்டை விழுங்கிவிட்டது.

பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனபின், கையில் விளக்கோடு அவள் கீழே இறங்கினாள். வெளியே கண் கூசும் வெயில். மேடைப் பலகையின் இடுக்குகளில் அது கோடு கோடாக இறங்கி, தரைக்கு வருவதற்குள் தேய்ந்து போனது. மேலே எங்கோ தச்சன் ஒருவன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான், சாப்பாட்டுக்குப் போகாதவன். அந்தச் சத்தம் அவளுக்குத் துணையாக இருந்தது. ஈரக் கயிறு, எலிப் புழுக்கை, பழைய வர்ணம், அதற்கெல்லாம் அடியில் அந்த இனிப்பு. படி முடிந்து மண் தரை வந்தது. தாழியின் கழுத்து அவள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. மூடி பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஓட்டைக்கு ஒரு சாண் மேலே குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. மழை பெய்து இரண்டு நாளாகிறது.

ஆனாலும் தண்ணீர் அசைந்தது. உள்ளே. களக், என்று.

அவள் குனிந்தாள். ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டது. பிறகு படவில்லை. பிறகு பட்டது.

"காசில்தா" என்றாள், மெல்ல.

"காசில்தா" என்று வந்தது. அவளுடைய குரலேதான். வெறும் தாழி, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. எந்தத் தாழியும் செய்வதுதானே. லெயோகாதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு திரும்பி வரவில்லை.

"இங்கேதான் இருக்கிறேன்" என்றது தாழி.

மேலே ஆணி அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் மூடியின் மேல் வைத்திருந்த உள்ளங்கைக்குக் கீழே, மரத்தின் அந்தப் பக்கம், ஏதோ தட்டியது. ஒரு முறை. இடம் மாறி, அவள் விரல்களுக்கு நேராக, இன்னொரு முறை.

தச்சனைக் கூப்பிடலாம். கடப்பாரை சுவரோரம்தான் சாய்ந்திருந்தது. உர்சுலா பின்வாசலில்தான் இருப்பாள். ஒரு குரல் போதும். அவள் தலையிலிருந்த மஞ்சள் துணியை உருவினாள். தண்ணீர்க்காரி வேஷத்துக்கு அவள் கட்டுவது. அதைச் சுருட்டி, ஓட்டையில் வைத்து, கட்டை விரலால் திருகித் திருகி அடைத்தாள். இறுக்கமாக. காற்று நின்றது. பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு படியேறினாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓடுகளில் அது விழும் சத்தத்துக்கு வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கவே முடியவில்லை. அரங்கத்தில் நனைந்த துணியின் நெடி, சுருட்டுப் புகை, விசிறிகளின் படபடப்பு. லெயோகாதியா கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். நிக்கானோரா அவள் தலையில் மஞ்சள் துணியைக் கட்டினாள். அது ஜில்லென்று நெற்றியில் ஒட்டியது.

"இது எங்க இருந்துச்சு?"

"தெலஸ்போரோ கொண்டுவந்து குடுத்தாம்மா. தாழிக்குப் பக்கத்துல தரையில கிடந்துச்சாம், பிழிஞ்சு மடிச்சு வச்ச மாதிரி. உங்களுதுதானேன்னு கேட்டான்."

அவிழ் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அங்கம் நன்றாகவே போனது. இலாரியோன் கீழே விழுந்து எழுந்து சிரிக்க வைத்தான். அவள் பேச வேண்டியதெல்லாம் பேசினாள். பேசும்போது நாக்கில் மண் ருசி. பிறகு மேடை காலியானது, விளக்குகளைத் தாழ்த்தினார்கள், அவளும் குடமும் கிணறும் மட்டும். மேல் மாடத்தில், தூண் ஓரத்தில், உர்சுலாவின் வெள்ளைத் தலைத்துணி தெரிந்தது.

"வா" என்றாள்.

அது அவள் குரல் இல்லை. பத்தொன்பது வயதுக் குரல். தெளிந்து, மிதந்து, கடைசியில் ஒரு சின்ன வழுக்கலோடு அரங்கத்தின் கோடிவரை போனது. விசிறிகள் நின்றன. மாடத்தில் வெள்ளைத் தலைத்துணி எழுந்து நின்றது.

"வா" என்றது கிணறு. கரகரத்து. பிப்ரவரிக் காய்ச்சலில் தேய்ந்த குரல். லெயோகாதியாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

ஓட நினைத்தாள். கால்கள் அழகாக மூன்றடி வலப்பக்கம் நடந்தன. திரைக்குப் பின்னால் இலாரியோன் வாய் பிளந்து நின்றிருந்தான்; அவன் கண்ணில் தண்ணீர். என்னைப் பிடி என்று அவனிடம் கத்த நினைத்தாள். முகம் அவனைப் பார்த்துப் புன்னகைத்தது.

"இங்கேதான் இருக்கிறேன்."

பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தாள், செருப்பு காய்ந்துதான் இருந்தது. முழங்கால் சில்லிட்டது. இடுப்பு. கீழேயிருந்து அதே சொல், கரகரத்து, அழுகையோடு. சபையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். புது எதிரொலிக்காரிக்குத் தொண்டை சரியில்லை போலும்.

நெஞ்சுவரை.

மேலே யாரோ மூச்சை இழுத்தார்கள். "கேட்கிறதா" என்று பாடினார்கள். மேலே. தூரத்தில்.

"கேட்கிறதா" என்றாள் லெயோகாதியா.

இருட்டு. தாடைவரை தண்ணீர். உச்சியில் ஈர மரம் முட்டியது. கை நீட்டினால் வழவழவென்று மண் சுவர், எந்தப் பக்கமும். தலைக்கு மேலே கையளவு வெளிச்சம். அதன் வழியே கம்பித் தட்டி, தட்டிக்கு மேலே ஒரு பாவாடையின் ஓரம், விளக்கின் மஞ்சள்.

அந்தச் சுரம் தொடங்கியது. ஏறியது. நின்றது. உடையவில்லை. நின்றுகொண்டே இருந்தது. இனி அது உடையாது.

கைதட்டல் இறங்கி வந்து தண்ணீரை நடுங்க வைத்தது. தட்டியின் மேல் பூக்கள் விழுந்தன. அவள் கத்தினாள். மேலே தெலஸ்போரோ அங்கம் முடியும் இடியை உருட்டினான். திரை இறங்கியது. குழாயில் மழைத் தண்ணீர் வேகம் பிடித்து, ஓட்டை வழியாக அவள் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் தண்ணீருக்குள் ஏதோ லேசாக நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது. முடி வந்து தோளில் ஒட்டியது.

படியில் செருப்புச் சத்தம். அவளுடைய செருப்பு. இடது குதியில் ஆணி பெயர்ந்தது, தேய்த்துத் தேய்த்து வரும்.

ஓட்டையில் ஒரு கண் வந்து பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு விலகியது. பிறகு மஞ்சள் துணி. சுருட்டி. அவளுடைய மோதிரம் போட்ட கட்டை விரல் அதைத் திருகித் திருகி உள்ளே தள்ளியது.

வெளிச்சம் போனது.

செருப்புச் சத்தம் படியேறிப் போனது. மேலே ஊர் அடங்கவில்லை. காலால் பலகையைத் தட்டி, மறுபடி, மறுபடி என்று கேட்டார்கள். ஒரு தாய் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். திரை ஏறியது. வாத்தியங்கள் தொடங்கின. துணிக்கு அந்தப் பக்கம், மிக மெல்ல, "வா" என்றது.

துணியில் ஊறி வடிந்த தண்ணீர் ஏறி உதட்டைத் தொட்டது. லெயோகாதியா தலையை அண்ணாந்து, மரத்தில் வாயை வைத்து, சரியான இடத்தில், பதில் பாடினாள்.